எண்சாண்

ஒன்-நார்த்தில் ஒன்பதாவது மாடி ஸ்டூடியோவுக்கு
இரவுக் காவல் நான்.
அன்று வரவேண்டிய பெண் வரவில்லை.
"ஆண்ட்டி, ஒரு பத்து நிமிடம் நிற்க முடியுமா?"
என்று வந்தான் ஜுன் காய்.
நிற்பதுதானே தம்பி என் வேலை.
பன்னிரண்டு மணிநேரம் நிற்கிறவளுக்குப்
பத்து நிமிடமா பாரம்.

சீருடையைக் கழற்றி
சாம்பல் நிறத்தில் ஓர் ஒட்டு உடை மாட்டினார்கள்.
மூட்டுக்கு மூட்டு வெள்ளைப் பொட்டு, பட்டாணி அளவில்.
சுற்றிலும் நூற்றுச் சொச்சம் கேமராக்கள்.
கையை விரி என்றார்கள், விரித்தேன்.
நட என்றார்கள்.
இடது முழங்கால் தேய்ந்தது,
தாங்கித் தாங்கித்தான் வரும் என்று முன்கூட்டியே சொன்னேன்.
"பரவாயில்லை, பிறகு சரிசெய்துகொள்வோம்."
முகத்தை எடுக்கவே இல்லை.
எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று
யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போல.

எண்பது வெள்ளி. ஒரு படிவம்.
உலகமெங்கும், என்றென்றைக்கும்,
இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்
என்றிருந்த வரிக்குக் கீழே
எஸ். கோமளவல்லி என்று கையெழுத்திட்டேன்.
மிச்ச இரவுக்கு மறுபடியும் சீருடை.

படம் வந்தது.
யீஷூன் தியேட்டரில் நானும் ஃபரீதாவும்.
கடலுக்கடியில் ஏதோ ஒரு தொழிற்சாலை;
அங்கே வரிசையாகப் பிறக்கிறார்கள் இரும்பு மனிதர்கள்,
தொப்புள் இல்லாமல்.
நாற்பதாயிரம் பேர் கரையேறி வருகிறார்கள், நம்மை அழிக்க.
பாப்கார்ன் வாய்க்குப் போகும் வழியிலேயே
ஃபரீதாவின் கை நின்றது.
"ஏய் கோமளம், இது நீ நடக்கிறதுதானே?"

ஆமாம்.
நாற்பதாயிரம் இடது முழங்கால்.
ஒவ்வொன்றும் படியேறும் முன்
அரைநொடி யோசித்தது.
சரிசெய்ய மறந்திருப்பார்கள்.
இல்லை, பார்க்கப் பயமாய் இருக்கிறதென்று
விட்டுவைத்திருப்பார்கள்.
எங்கள் புளோக்கில் லிஃப்ட் பழுதான நாள்களில்
அரிசிப் பையோடு நான் ஏறிய ஏற்றம் அது.
முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.
அழாதே கண்ணு, அது ஆண்ட்டிதான் என்று
எழுந்து போய்ச் சொல்லவா முடியும்.

கதாநாயகன் சுட்டுக்கொண்டே இருந்தான்.
நான் விழுந்துகொண்டே இருந்தேன்.
விழுந்து எழும்போதெல்லாம்
வலது கையை ஊன்றித்தான் எழுந்தேன்.

மறுவருடம் கூ டெக் புவாட் மருத்துவமனையில்
முழங்காலை மாற்றினார்கள்.
கோபால்ட், குரோமியம், நடுவே வழவழப்பாய்ப் பிளாஸ்டிக்.
எக்ஸ்ரேயில் பார்த்தேன்.
குடிவந்த அன்றே வீட்டுக்காரனைப்போல்
சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.
சினிமாவில் இதற்கு ஒரு வெட்டு போதும்.
கண்மூடித் திறந்தால் புதுக்கால், பின்னணியில் முரசு.
எனக்கு மெடிசேவ் படிவங்கள்,
இருபத்தெட்டுத் தையல் முள்,
கழிப்பறைக்கு உயர இருக்கை,
"இன்னும் அஞ்சு டிகிரி மடக்குங்க மக்சிக்" என்று
ஆறு வாரம் சிரித்த முகத்தோடு வதைத்த நூரைனி.
தெரிந்த எல்லா மொழியிலும் அவளைத் திட்டியிருக்கிறேன்.

இப்போது நேராக நடக்கிறேன்.
சாங்கியில் வாயிலைக் கடந்தால் அது கத்துகிறது.
மழைக்கு முன் குடைச்சல் இல்லை.
அதனால் மழை வருவதும் தெரிவதில்லை,
இந்த மாதம் மூன்றுமுறை நனைந்துவிட்டேன்.

நேற்று ரயிலில் எதிர் இருக்கைப் பையன்
கைபேசியில் அதே படம் பார்த்தான்.
சத்தமில்லை. உள்ளங்கையளவு கடற்கரை.
கரையேறிக்கொண்டிருந்தார்கள், தாங்கித் தாங்கி,
நான் கழற்றி வைத்த வலியை
வலிக்காமல் சுமந்தபடி.
உலகமெங்கும். என்றென்றைக்கும்.
காத்திப்பில் அவன் இறங்கிப்போனான், அவர்களையும் கூட்டிக்கொண்டு.

புளோக்குக்கு வந்தேன்.
லிஃப்ட் வேலை செய்தது.
ஏனோ படிப்பக்கம் திரும்பி
முதல் படியில் கால் வைக்கும் முன்,
தேவையே இல்லாமல்,
அரைநொடி.

பின்னால் மிதிவண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்
"ஆண்ட்டி, கொஞ்சம் வழி" என்றார்.